வீட்டோடு மாப்பிள்ளை

கடல் மீன் வளர்ப்பவர்களிடம் உலகத்திலேயே அழகான மீன் எது என்று கேளுங்கள். பெரும்பாலும் மாண்டரின் மீனின் பெயர்தான் முதலில் வரும். சரி, என்ன போட்டாலும் சாப்பிடாத மீன் எது என்று கேளுங்கள். அதற்கும் அதே பதில்தான். என் மச்சான் கடையில் முதல் கேள்வியோடு நிறுத்திக்கொண்டு, பாலித்தீன் பையில் அதை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

வளர்ந்தாலே ஆறேழு சென்டிமீட்டர்தான். ஆனால் அந்த உடம்புக்குள் ஆரஞ்சு, நீலம், பச்சை என்று ஒரு பட்டு ஜவுளிக்கடையே நெளிகிறது. அந்த வீட்டில் அதுவரை மாப்பிள்ளை என்று இருந்தது நான் ஒருவன். அன்றிலிருந்து இரண்டு பேர்.

மாப்பிள்ளை முறுக்கில் எனக்கும் கொஞ்சம் அனுபவம் உண்டு. அதிகபட்சம், இரண்டாவது வடையை வேண்டாம் என்று சொல்லி, மூன்று முறை கெஞ்சிய பிறகு வாங்கிக்கொண்டிருக்கிறேன். இவரோ வேறு ரகம். பெல்லட் போட்டார்கள், கவனிக்கவில்லை. ஃபிளேக்ஸ் தூவினார்கள்; அது மேலேயே மிதந்தது. உறைய வைத்த ஆர்ட்டீமியா என்ற பொடி இறாலைக் கரைத்துக் குழாயால் மூக்கருகே விட்டார் மச்சான். மாப்பிள்ளை ஒரு கண்ணை மட்டும் உருட்டிப் பார்த்தார். வயிற்றுத் துடுப்புகளை ஊன்றி இரண்டடி நடந்து, பாறைக்குப் பின்னால் போய்விட்டார்.

“நாம என்னடா குறை வெச்சோம்?” என்றார் மாமியார்.

குறை நம்மிடம்தான். ஜப்பானின் ரியூக்யு தீவுகளிலிருந்து பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா வழியாக ஆஸ்திரேலியா வரை, ஆழமில்லாத பவளத்திட்டுகளின் உடைசல்களுக்கு நடுவே வாழ்கிற ஜீவன் அது. அங்கே காலை டிபன், மதியச் சாப்பாடு என்ற வழக்கமெல்லாம் கிடையாது. ஒரு கொத்து, இரண்டடி நடை, மறுபடி ஒரு கொத்து. விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை இதே வேலை. இலையில் விழுவது கோபிபாட் எனும் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத பொடி உயிர்கள், குட்டிப் புழுக்கள், மீன் முட்டைகள். எல்லாம் உயிரோடு, பாறையில் ஊர்ந்தபடி இருக்க வேண்டும். புதுத் தொட்டியில் இருக்கிற கோபிபாட்டைத் துடைத்துத் தின்றுவிட்டு, அப்புறம் இந்த மீன் வயிறு ஒட்டிச் சாவதுதான் வழக்கமான கதை.

நிறத்திலும் ஒரு சூது இருக்கிறது. மயிலின் நீலம் வெறும் ஒளி வித்தை. இறகை அரைத்தால் மிஞ்சுவது கறுப்பும் பழுப்புமான தூள். பெரும்பாலான உயிர்களில் நீலத்தின் கதை இதுதான். மாண்டரின் தோலிலோ அசல் நீலச் சாயமே இருக்கிறது. அதைத் தாங்கும் செல்களை 1995-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் விவரித்து எழுதினார்கள். சாயம் போகாத பட்டு என்று மச்சான் பூரித்துப் போனார். ஆனால் இந்த மீனுக்குச் செதில் கிடையாது. அதற்குப் பதில் உடம்பெல்லாம் நாற்றமடிக்கிற, நச்சுள்ள கொழகொழப்பு. இந்தப் பளபளப்பே, ‘என்னைத் தின்றால் நீ கெட்டாய்’ என்று பெரிய மீன்களுக்கு மாட்டிய எச்சரிக்கைப் பலகை என்கிறார்கள். கிட்டே வராதே என்று எழுதிய பலகையை நாம் காசு கொடுத்து வாங்கி, ஹாலில் வைத்து, விளக்குப் போட்டுப் பார்க்கிறோம்.

அதன் கல்யாணமும் தனி அழகு. பொழுது சாயும் நேரத்தில் முதுகுத் துடுப்பில் நீண்ட முள்ளோடு ஆண் மீன் வெளியே வரும். பெண் வந்து பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். இரண்டும் உரசியபடி மெதுவாக ஒரு மீட்டர் உயரம் எழும்பி, முட்டையையும் விந்தையும் நீரில் விட்டுவிட்டுக் கண்ணிமைப்பதற்குள் இடுக்கில் மறைந்துவிடும். மேளம் இல்லை, பந்தி இல்லை. வீடியோ எடுப்பவர்கள் மட்டும் உண்டு: பலாவ் தீவிலும் இந்தோனேசியாவின் லெம்பே ஜலசந்தியிலும் இதற்காகவே மாலையில் மூழ்கிக் காத்திருக்கிறார்கள். ஒரே தொட்டியில் இரண்டு ஆண்களை விட்டால் மட்டும் சாகும்வரை சண்டை நடக்கும். ஒரு வீட்டுக்கு இரண்டு மாப்பிள்ளைகள் வந்தால் என்ன ஆகும் என்பது நான் புதிதாகப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமில்லை.

2010-இல் ஃப்ளோரிடாவில் ஒரு பண்ணை, தொட்டியிலேயே பிறந்து பெல்லட் தின்னப் பழகிய மாண்டரின்களை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அடக்கமாக வளர்ந்த பிள்ளைகள். நம்மவருக்கு அந்தப் பாக்கியம் இல்லை. ஆகவே மச்சான் கோபிபாட் பண்ணை ஆரம்பித்தார். கோபிபாட்டுக்குத் தீனி நுண்பாசி. அது வளர பால்கனியில், துளசி மாடத்துக்குப் பக்கத்தில், பச்சைத் தண்ணீர் பாட்டில்கள் வரிசையாகக் குமிழி விடுகின்றன. வல்லாரை ஜூஸ் என்று நினைத்து ஒரு சம்பந்தி மூடியைத் திறக்கப் போன சம்பவமும் உண்டு.

இப்போது யாராவது வந்தால் மச்சான் டார்ச் அடித்து, கண்ணாடியோரம் துள்ளுகிற வெள்ளைப் புள்ளிகளைக் காட்டுகிறார். “பாத்தீங்களா, அத்தனையும் நம்ம வீட்டுலயே பொறந்தது.” மீன் எங்கே என்று கேட்டால், “அது எங்கயாவது இடுக்குல மேஞ்சிட்டு இருக்கும்” என்கிறார்.

மாமியார்தான் பெருமூச்சு விட்டார். “ஒருத்தர் வயித்த நிரப்ப ஒரு ஊரையே வளக்க வேண்டியிருக்கு, மாப்பிள்ளே!” இதை ஏன் என்னைப் பார்த்துச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. தட்டில் அப்போதுதான் நாலாவது தோசை விழுந்திருந்தது.