ஸ்டிக்கர் அண்ணாச்சி

அந்தமானின் அபர்டீன் பஜாரில் ஒரு பழைய சாமான் கடை வாசல். நடுவயதுக்காரர் ஒருவர் கைக்கடக்கமான பிளாஸ்டிக் பெட்டியொன்றை டியூப்லைட் வெளிச்சம் சாய்ந்து விழும்படி திருப்பித் திருப்பிப் பார்க்கிறாரா? கடைக்காரர் கொட்டாவி விடுகிறாரா? சரி, ஸ்டிக்கர் அண்ணாச்சியைக் கண்டுவிட்டீர்கள். பழைய வீடியோ கேம் கேசட் சேர்க்கிற இந்த இனம் மதுரையிலும் உண்டு, மலேசியாவிலும் உண்டு. அந்தமான் கிளைதான் பரிதாபம். வருஷத்துக்கு ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர் மழை, நாலு பக்கமும் உப்புக்காற்று. இதற்கு நடுவே காகிதத்தைக் காப்பாற்றப் புறப்பட்ட மனிதர். உப்பு விற்கப் போனால் மழை, உமி விற்கப் போனால் காற்று என்பார்கள். இவருக்கு இரண்டும் ஒரே நாளில்.

கேசட்டுக்குள் இருக்கும் விளையாட்டைப் பற்றி அவரிடம் கேட்காதீர்கள். ஓட்டிப் பார்க்க வீட்டில் உருப்படியான டிவி கிடையாது. ஸ்டிக்கரைப் பற்றிக் கேளுங்கள்; கேட்குமுன் உட்கார ஒரு நாற்காலி தேடிக்கொள்ளுங்கள். ஓரம் தூக்கியிருந்தால் அவர் பாஷையில் அது ‘காது’. நடுவில் உப்பியிருந்தால் ‘கொப்புளம்’. ஓதம் ஏறிப் பழுப்புப் புள்ளி விழுந்திருந்தால் ‘தேமல்’. ராமபாணப் பூச்சி பசைக்கு ஆசைப்பட்டு மேல்தோலைச் சுரண்டியிருந்தால் பெயரே சொல்லமாட்டார், கண்ணை மூடிக்கொள்வார். வெயிலின் வேலை தனி. அச்சு மையில் மஞ்சளும் சிவப்பும் முதலில் ஓடிப்போகும். நீலமும் கருப்பும் தாக்குப்பிடிக்கும். ஜன்னலோர ஷோகேஸில் வருஷக்கணக்காக நின்ற ‘காண்ட்ரா’ விளையாட்டு ஸ்டிக்கரின் வீரர்கள் இருவரும் துப்பாக்கி சகிதம் நீலகண்டர்களானது இப்படித்தான்.

இவ்வளவுக்கும் அவருடைய அலமாரியில் அசல் என்று ஒன்றுகூடக் கிடையாது. நிண்டெண்டோ 1983-இல் ஜப்பானில் ஃபேமிகாம் பெட்டியை விற்பனைக்கு விட்டது. அதைப் பார்த்துச் செய்த நகல்கள்தான் தொண்ணூறுகளில் நம் வீடுகளுக்கு வந்தவை. லிட்டில் மாஸ்டர் என்றால் பலருக்கு ஞாபகம் வரும். கேசட்டும் அதே வம்சம். சென்னை பர்மா பஜாரில் வாங்கி, கப்பலில் மூன்று நாள் வாந்தி எடுத்துக்கொண்டே யாரோ ஒரு மாமா பையில் போட்டுக் கொண்டுவந்த சரக்கு. ஸ்டிக்கரில் ‘9999 இன் 1’ என்று போட்டிருக்கும்; செருகிப் பார்த்தால் சொற்ப விளையாட்டுகளே வேஷம் மாற்றி வேஷம் மாற்றி வரும். காண்ட்ராவின் அட்டைப்படத்தையே பாப் வேக்லின் என்ற பிரிட்டிஷ் ஓவியர் ‘பிரிடேட்டர்’ பட அர்னால்டின் நிலையைப் பார்த்துத்தான் வரைந்தார். அதை யாரோ சுட்டார்கள். அந்தச் சுட்ட படத்துக்குக் காது முளைத்துவிட்டதே என்று இங்கே ஒருவருக்கு ராத்தூக்கம் இல்லை.

இதைச் சொல்லி அவரைக் கேலி செய்துவிட முடியாது. “தம்பி, டூப்ளிகேட்ல ரெண்டு வகை இருக்கு” என்று ஆரம்பித்துவிடுவார். அந்தக் காலத்திலேயே அச்சான டூப்ளிகேட் ஒன்று. அதைப் பார்த்து இப்போது கலர் பிரிண்ட் போட்டு ஒட்டுகிற டூப்ளிகேட் இன்னொன்று. முன்னது பொக்கிஷம், பின்னது மோசடி. எனக்கென்னவோ இதில் கொஞ்சம் நியாயம் இருப்பதாகவே படுகிறது.

மெயின்லேண்டிலிருந்து வருகிறவர்களிடம் அவர் அல்வா கேட்பதில்லை; புது ஷூ பெட்டிக்குள் கிடக்கும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தைக் கேட்பார். அலமாரியில் ஈரம் தங்காதிருக்க ராப்பகலாக ஒரு குண்டு பல்பு எரிகிறது. துணிமணிக்கு அந்தச் சலுகை இல்லை. ஹேர் ட்ரையர் பழைய பசையை இளக்கப் போய்விட்டதால் வீட்டு அம்மையாரின் கூந்தல் தானாகத்தான் உலர வேண்டியிருக்கிறது. 2021 ஜூலையில் அமெரிக்காவில் ஒரு ‘சூப்பர் மாரியோ 64’ கேசட் 15,60,000 டாலருக்கு ஏலம் போன செய்தியை வீட்டில் தவறாமல் வாசித்துக் காட்டுவார். பதினோரு கோடி ரூபாய்க்கு மேல். “ஏங்க, அது சீலே பிரிக்காததாமே? உங்களுது எல்லாம் எச்சில் பட்டது” என்று அம்மையார் ஒரே வரியில் முடிப்பார். எச்சில் உண்மைதான். படம் வரவில்லையென்றால் கேசட்டைக் கழற்றி உஃப் உஃப் என்று ஊதி வளர்ந்த தலைமுறை அது. ஊதிய ஈரம் உள்ளேயிருக்கும் பின்களை அரிக்கும் என்று அன்று யார் கண்டார்கள்?

அவர் உயிரையே வைத்திருப்பது வாடகைக் கடையிலிருந்து வந்த ஒரு கேசட்டின் மேல். ஆயுத பூஜைக்கு அந்தக் கடைக்காரர் டிவிக்கும் பெட்டிக்கும் வைத்த கையோடு கேசட்டுக்கும் சந்தனம் குங்குமம் வைத்திருக்கிறார். மாரியோவின் நெற்றியில் சரியாக விழுந்து ஊறிவிட்டது. சென்னையிலுள்ள சக சேகரிப்பாளர் ஒருவர் படத்தைப் பார்த்துவிட்டு, “கறை சார், பாதி விலைதான் தேறும்” என்று போனில் சொல்ல, அண்ணாச்சி கொதித்துப் போனார். “கறையாய்யா அது? பூஜை போட்டதுக்கு அத்தாட்சி! எந்த ஜப்பான்காரன் கேசட்ல குங்குமம் இருக்கு, காட்டு பார்ப்போம்.”

போன மழைக்காலத்தில் ஒரு பையன் பளபளவென்று ஒரு கேசட்டைக் கொண்டுவந்தான். ஓரம் கத்தி மாதிரி, நிறம் சொட்டுகிறது.

“எங்கே இருந்துச்சு இது?”

“ஜங்லிகாட்ல, எங்க பெரியப்பா வீட்டுப் பரண்ல, அண்ணாச்சி. 25 வருஷமா.”

“ஜங்லிகாட் பரண்ல 25 வருஷம் கிடந்தும் ஒரு தேமல் இல்ல. அப்ப உங்க பெரியப்பா இதை நேத்துத்தான் ஒட்டியிருக்காரு.”

தள்ளி வைத்துவிட்டு, அவன் பையின் அடியில் காதும் கொப்புளமுமாகக் கிடந்த இன்னொன்றை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். பூஞ்சை வாடை குப்பென்று அடித்தது. முகம் மலர்ந்துவிட்டது.

“இது என்ன விலை?”