மூத்தம்மாவின் குக்கர்: மூலபாடமும் இடைச்செருகல்களும்

இந்த வருடம் மூன்று ஆய்வரங்குகளில் குந்தியிருந்து கேட்டுவிட்டேன். ஒன்றில் கட்டுரையாளர் தனக்குக் கிடைத்த இருபது நிமிடத்தில் பதினேழு நிமிடத்தை "ஆய்வுக்குள் நுழையுமுன்" என்ற இடத்திலேயே கழித்தார். இன்னொன்றில் அடிக்குறிப்புக்கு அடிக்குறிப்பு இருந்தது. மூன்றாவதில் சாப்பாடு நன்றாக இருந்தது. அந்தச் சாப்பாட்டின் தெம்பில் வீட்டுக்கு வந்தால், குசினியில் மூத்தம்மாவின் பம்ப் குக்கர் எரியாமல் கிடக்கிறது. கையில் ஸ்பேனரை எடுக்குமுன் கருதுகோளை எடுத்தேன்.

ஆய்வு எல்லை: கல்முனைக்குடியில் ஒரு வீட்டுக் குசினியில் அம்மிக்கும் தண்ணீர்க் குடத்துக்கும் நடுவே இரண்டடி நிலம். ஆய்வுக் காலம்: அஸருக்கும் மஃரிபுக்கும் இடை. ஆய்வின் பயன்: ஒரு கேத்தல் தண்ணீர் கொதித்தல். முன்னைய ஆய்வுகள் உண்டு. எல்லாம் வாய்மொழி (உம்மா, குசினி வாசலில் நின்றபடி).

சொற்பிறப்பு

குக்கர் ஆங்கிலச் சொல் என்பது மேலோட்டமாகப் பார்ப்போர் கூற்று. மண்ணெண்ணெய்க் குக்கர் எரியும்போது ஒரு சத்தம் வரும், கேட்டிருப்பீர்கள். கொக்கரிக்கிற சத்தம். கொக்கரிப்பது கொக்கர், கொக்கர் திரிந்து குக்கர். ஆங்கிலேயர் இதைக் கடனாக வாங்கிக்கொண்டு போய், வட்டியும் தரவில்லை, முதலும் தரவில்லை. குக்கரின் மறுபெயரான 'பிரைமஸ்' இன்னும் எளிது: பிறை, மாசு. சிம்னி இல்லாத குசினியில் புகைக்கு ஊடாகத் தெரியும் பிறை. பிறை விடயத்தில் எங்கள் கரையில் இரண்டு பேர் ஒத்துப்போனதாக வரலாறு இல்லை. ஆகவே இதை மறுக்க ஒருவர் வருவார் என்று முன்கூட்டியே மறுப்புக்கு மறுப்பும் எழுதி வைத்திருக்கிறேன். இந்த முறையில் எந்தச் சொல்லையும் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடலாம். இதே முறையில் உலகத்தையே கொண்டுவந்தவர்கள் இருக்கிறார்கள்.

வரலாறு

பிரான்ஸ் வில்ஹெல்ம் லிண்ட்குவிஸ்ட் என்ற சுவீடன்காரர் இந்த அடுப்பை 1892 இல் உருவாக்கினார். அதே 1892 இல், எங்கள் வீட்டிலிருந்து சாய்ந்தமருதைத் தாண்டினால் வருகிற காரைதீவில், சுவாமி விபுலானந்தர் பிறந்தார். இவ்விரண்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. தொடர்பில்லாத இரண்டை ஒரே பந்தியில் வைத்துவிட்டால் வாசிக்கிறவர் தானாகவே முடிச்சுப் போட்டுக்கொள்வார் என்பது முதலாவது ஆய்வரங்கில் நான் கற்ற பாடம்.

1911 இல் அமுன்ட்சன் தென்துருவத்துக்குக் கொண்டுபோனதும், 1953 இல் எவரெஸ்ட் ஏறியவர்கள் கொண்டுபோனதும் இந்த இனத்து அடுப்புத்தான். பனிமலையில் எரிந்தது; கடற்கரைப் பள்ளிக்கு நாலு வீடு தள்ளி எரியமாட்டேன் என்கிறது.

கல்வெட்டுச் சான்றும் உண்டு. சுவீடன் அடுப்புகளின் அடியில், செய்த வருடத்துக்கு ஓர் எழுத்தைப் பொறிக்கும் வழக்கம் இருந்தது. எங்கள் குக்கரின் அடியிலும் ஏதோ இருக்கிறது. பழப்புளியும் சாம்பலும் தும்பும் போட்டு நாற்பது வருடம் தேய்த்த பித்தளையில் வாப்பா 'பி' என்று வாசிக்கிறார், தம்பி 'எட்டு' என்கிறான், உம்மா "அது நான் கரண்டியால சுரண்டினது" என்கிறார். உம்மாவின் வாசிப்பை ஆய்வுலகம் ஏற்கவில்லை, அவர் துறைசாராதவர்.

இந்த அடுப்பு பரணுக்குப் போய்த் திரும்பி வந்த கதையும் வரலாறுதான். 2021 ஒக்டோபருக்கு முன் 1,493 ரூபாய்க்கு விற்ற பன்னிரண்டரைக் கிலோ எரிவாயுச் சிலிண்டர், 2022 ஏப்ரலில் 4,860 ரூபாய். இடையில் 2021 இன் கடைசியில் நாடெங்கும் குசினிகளில் அடுப்புகள் வெடித்தன. புரொப்பேன் எவ்வளவு, பியூட்டேன் எவ்வளவு என்று தேத்தண்ணிக் கடையிலும் வாதம் நடந்தது. பரணிலிருந்து குக்கர் இறங்கியது. அப்போது மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாய். ஆனால் கிடைக்கவில்லை. தோணி எஞ்சினுக்கு எண்ணெய் தேடிய மீனவரும், குப்பி விளக்குக்குத் தேடிய கிழவியும், குக்கருக்குத் தேடிய நானும் ஒரே வரிசையில் கானை வைத்துவிட்டு அதன் மேல் செருப்பை வைத்தோம். 2022 ஆகஸ்ட் 22 முதல் லீற்றர் 340 ரூபாய். பிறகு எண்ணெய் கிடைத்தது.

பழுதுகளின் வகைப்பாடு

தொல்காப்பியர் வேற்றுமையை ஏழென்று தொடங்கி, விளியைச் சேர்த்து எட்டாக்கினார். குக்கரின் பழுதுகளும் எட்டு. எட்டாக வராதவற்றை எட்டாக வரும்வரை தட்டினேன்.

முதல் வேற்றுமை, எழுவாய்: குக்கர்.

இரண்டாம் வேற்றுமை, ஐ: குக்கரைத் தட்டுதல். ஆண்கள் எந்த யந்திரத்துக்கும் முதலில் செய்வது இது.

மூன்றாம் வேற்றுமை ஒடு. பிற்காலத்தார் ஆல் என்றும் சேர்த்தனர். எதனால் எரியவில்லை என்ற கேள்வி இங்கே வருவதால் பிற்காலத்தார் பக்கம் நிற்கிறேன். தாங்கியில் எண்ணெய், பம்ப் அடித்தால் அதன் மேல் காற்று அழுத்தும், அழுத்தத்தில் எண்ணெய் குழாய் வழியே பேர்னருக்கு ஏறும், பேர்னர் ஏற்கெனவே சூடாக இருந்தால் எண்ணெய் ஆவியாகி நிப்பிளின் பொட்டு ஓட்டையால் பீறிட்டு, காற்றோடு கலந்து நீலமாக எரியும். பேர்னரைச் சூடாக்கத்தான் கீழே உள்ள கிண்ணத்தில் ஸ்பிரிட் ஊற்றி முதலில் பற்றவைப்பது. ஸ்பிரிட் அணையப் போகிற கடைசிக் கணத்தில் காற்றுத் திருகியை இறுக்கிப் பம்ப் அடிக்க வேண்டும். ஒரு கணம் முந்தினால் எண்ணெய் ஆவியாகாமல் திரவமாகவே சீறி, மஞ்சள் சுவாலை முகட்டைத் தொடும். ஒரு கணம் பிந்தினால் வெள்ளைப் புகை. எனக்குப் புருவம் மெலிவாக இருப்பதன் காரணத்தை இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை.

எல்லாம் சரியாகச் செய்தும் சுவாலை மஞ்சளாகவே நின்றால் நிப்பிள். உள்ளே கரி அடைத்திருக்கும். அல்லது யாரோ தையல் ஊசியால் குத்தி ஓட்டையைப் பெருப்பித்திருப்பார்கள். பெருத்த ஓட்டை திரும்பச் சிறுக்காது. நிப்பிளை மாற்றத்தான் வேண்டும். (யார் குத்தியது என்பது குறித்துப் பார்க்க: உம்மா, 'நான் அப்பவே சொன்னன்', திருத்திய மறுபதிப்பு, நாளாந்தம்.)

நான்காம் வேற்றுமை, கு: குக்கருக்குச் சாமான் வாங்கக் கடைத்தெருவுக்குப் போதல். ஹார்ட்வெயார் கடைக்காரர், "இது உங்கட வாப்பாட காலத்துச் சாமான்" என்றார். வாப்பாவும் கடைக்குள்தான் நின்றார்.

ஐந்தாம் வேற்றுமை இன். இதன் பொருள்களில் தலையாயது நீங்கல்: மலையின் வீழ் அருவி போல, தாங்கியின் நீங்கும் காற்று. ஆய்வின் உயிர்நிலை இதுதான். பம்ப் அடிக்கிறேன், தண்டு மேலும் கீழும் வெண்ணெயில் போவதுபோல் போகிறது, கைக்கு ஓர் எதிர்ப்பும் இல்லை. சவர்க்கார நுரையை மூடியிலும் திருகியிலும் பூசிப் பார்த்தேன். குமிழி வரவில்லை. ஆகவே காற்று நீங்கவில்லை, உள்ளே போகவேயில்லை. பம்பைக் கழற்றினேன். தண்டின் நுனியில் கிண்ணம்போல் இருக்க வேண்டிய தோல் வோசர், காய்ந்த பேரீச்சம்பழம்போல் சுருங்கிக் கிடந்தது.

இந்த வோசர் எதிலிருந்து வெட்டப்பட்டது என்பதில் எங்கள் குடும்பத்தில் இரண்டு சிந்தனைப் பள்ளிகள் உண்டு.

பின்னணி இது. வாப்பாவுக்குச் சிவந்த தோலில் ஒரு சோடிச் செருப்பு இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வெளியே வந்தால் இடச்செருப்பு நிற்கிறது. வலச்செருப்பு இருந்த இடத்தில் யாரோ ஒருவரின் ரப்பர் செருப்பு. அந்த மனிதர் ஒரு காலில் தோலும் மறு காலில் ரப்பருமாக எப்படி நடந்தார், வீடு போய்ச் சேரும்வரை ஏன் உணரவில்லை என்பவை தனி ஆய்வுக்குரியன. மிஞ்சிய இடச்செருப்பிலிருந்து வாப்பா பதினொரு வருடமாக வோசர் வெட்டி வருகிறார். குதிப்பகுதி முடிந்து இப்போது பெருவிரல் பக்கம் நடக்கிறது. (வாப்பா, 'எண்ணெய்க் கணக்குக் கொப்பி', பின்னட்டையின் உட்புறம், பல்லி எச்சத்துக்குக் கீழே மூன்று வரி. பல்லி எச்சத்தையும் வரியாக எண்ணினால் நான்கு.)

இடச்செருப்புப் பள்ளி சொல்வது: சைக்கிளை நிறுத்தும்போது வாப்பா ஊன்றுவது இடக்காலை. ஆகவே தோல் இறுகி, இழை நெருங்கி, காற்றை விடாது.

வலச்செருப்புப் பள்ளியின் தலைவர் மாமா, உம்மாவின் தம்பி. பள்ளிவாசலுக்குள் முதலில் வைப்பது வலக்கால். கக்கூசுக்குள் முதலில் வைப்பது இடக்கால். இந்த வித்தியாசம் தோலில் ஊறாமல் இருக்காது என்பது அவர் வாதம். வலச்செருப்பு வோசர் ஒன்றை அவர் கண்ணால் கண்டதில்லை. காணாததால்தான் அவருடைய நம்பிக்கை இவ்வளவு உறுதி. (மாமா, 'வலச்செருப்பு வாதமும் அதன் எதிரிகளும்', கல்யாண வீட்டுச் சஹனில் ஆற்றிய பேருரை, தொகுதி ஒன்று சோறு வரும்வரை, தொகுதி இரண்டு இறைச்சி பங்கிடும்போது கைவிடப்பட்டது, எஞ்சிய பகுதி வட்டிலப்பத்துக்குப் பின் வாய் கழுவுமிடத்தில் துண்டு துண்டாகக் கிடைத்துள்ளது. பதிப்பாசிரியர் நான், விருப்பமில்லாமல்.)

நடுநிலையாளன் என்ற முறையில் பழைய ஒரு ரூபாய்க் குத்தியைச் செருப்பின் மேல் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்தேன். சவர அலகால் வெட்டினேன். நடுவில் ஆணியால் துளை. தண்ணீரில் நனைத்து, பெருவிரலால் அமுக்கிக் கிண்ணமாக்கி, தண்டில் மாட்டி நட்டை இறுக்கினேன். காற்று ஏறவில்லை. மாமா எழும்பி நின்று சிரித்தார். கிண்ணத்தின் வாயை மேலே பார்க்க வைத்துவிட்டேன். அது கீழே, தாங்கியைப் பார்க்க வேண்டும். அப்போதுதான் அழுத்துகிற காற்றே விளிம்பை விரித்துக் குழாய்ச் சுவரோடு ஒட்ட வைக்கும். திருப்பிப் போட்டேன். பாதிதான் ஏறியது.

மூத்தம்மா தட்டுவத்தில் பாக்கு வெட்டியபடி இவ்வளவையும் பார்த்துக்கொண்டிருந்தார். "மனே, அது எந்தக் கால் செருப்பா இருந்தா என்ன? ராவைக்குத் தேங்காயெண்ணெயில ஊறப் போடு. ஊறின தோல்தான் காத்துப் புடிக்கும்."

பதினொரு வருட விவாதத்தை ஒரு வெற்றிலை வாயில் அடக்கிவிட்டார். இத்தகைய கூற்றுகளைக் கட்டுரையின் உடலில் சேர்ப்பது மரபல்ல. பின்னிணைப்பில் போட்டிருக்கிறேன், பின்னிணைப்பு அச்சாகாது.

ஆறாம் வேற்றுமை, அது. உடைமைப் பொருள். மூத்தம்மாவினது குக்கர் என்கிறோம். எந்தப் பகுதி அவருடையது? பேர்னர் இரண்டு முறை மாறியது. நிப்பிள் எண்ணிக்கை இல்லை. கால்களில் ஒன்று தம்பி படித்த காலத்துக் கராஜில் ஒட்டியது. பம்ப் தண்டு வேறொரு செத்த குக்கரிலிருந்து வந்தது. வோசர் வாப்பாவின் செருப்பு. இவையெல்லாம் இடைச்செருகல். தாங்கி மட்டுமே மூலபாடம். உ.வே.சாமிநாதையர் 1894 இல் புறநானூற்றை அச்சிட்டபோது பாட்டே கிடைக்காத இடமும் உண்டு, அடி சிதைந்த இடமும் உண்டு. இல்லாததை இல்லை என்று விட்டார்; தன் செருப்பை வெட்டிப் போடவில்லை. 1947 இல் வெளிவந்த யாழ் நூலில் விபுலானந்தர், கண்ணால் காண ஒன்றும் மிஞ்சாத கருவியை நூல்களிலிருந்து கணக்குப் போட்டு மீட்டார். என் கையில் குக்கர் முழுதாக இருந்தும் என்னால் மீட்க முடியவில்லை. இதனால் பெறப்படுவது என்னவென்று எழுதினால் எனக்கே பாதகம்.

தாங்கியின் வயிற்றில் உள்ள நெளிவு 2004 மார்கழி 26. இதற்கு அடிக்குறிப்பு இல்லை.

ஏழாம் வேற்றுமை, கண். இடம்: நிப்பிள் குத்துகிற ஊசியின் கண் நிகழ்வது. தகரத் துண்டின் நுனியில் மயிரளவு கம்பி. அது எங்கே? கலண்டரில் குத்தியிருந்தது, மாதம் கிழிக்கும்போது போய்விட்டது. யன்னல் சேலையில் இருந்தது. சேலை தோய்க்கப் போனது. இந்த இயலை ஊசி கிடைத்தபின் எழுதுகிறேன்.

எட்டாம் வேற்றுமை விளி. மறுநாள் எண்ணெயில் ஊறிக் கொழுகொழுவென்றிருந்த வோசரைப் போட்டுப் பம்ப் அடித்தேன். நாலாவது அடியில் கை தடுத்தது. ஸ்பிரிட் ஊற்றிப் பற்றவைத்து, அது அணையும் கணத்தைக் கணக்கிட மணிக்கூட்டைப் பார்த்தேன். மூத்தம்மா என்னைத் தள்ளிவிட்டார்.

"படிச்ச ஆக்கள் எல்லாம் அங்கால நில்லுங்க. அது ஏசினாத்தான் எரியும்."

பிறகு அவர் குக்கரை விளித்த விளிகள் பன்னிரண்டு. அச்சேறத்தக்கது 'மூதேவி' ஒன்றுதான். நடுவே இரண்டு அடி பம்ப். புஸ்ஸென்று ஒரு மஞ்சள், பின்னர் வட்டமாக நீலம், பின்னர் அந்தக் கொக்கரிப்பு. என் சொற்பிறப்பு சரி. கேத்தல் ஏழு நிமிடத்தில் பாடியது.

பெருவிரல் பக்கத்தில் இன்னும் மூன்று வோசருக்குத் தோல் இருக்கிறது என்று வாப்பா அளந்து சொன்னார். அதற்குப் பிறகு மூலப்பொருளுக்கு எங்கே போவது என்ற கேள்வி எழுந்தபோது எல்லோரும் வாசல் படியைப் பார்த்தோம். அன்றிலிருந்து மாமா எங்கள் வீட்டுக்கு வந்தால் செருப்பை வாசலில் விடுவதில்லை. கையில் எடுத்துக்கொண்டு வந்து, கதிரைக்கு அடியில், இரு கால்களுக்கும் நடுவே வைத்துக்கொண்டுதான் தேத்தண்ணி குடிக்கிறார்.