பேராண்டி, டெல்லிக்குக் கிளம்பிட்டியாமே!

வாங்க எம்.பி. அய்யா. திண்ணையில தூசி கிடக்கு, துண்டை விரிச்சு உக்காருங்க. துண்டு புதுசோ? அப்ப நின்னுக்கிட்டே கேளுங்க.

பதவிப் பிரமாணம் எடுத்த வீடியோவைப் பார்த்தேன் பேராண்டி. உறுதிமொழி அரை நிமிசம், பின்னாடி போட்ட சினிமாப் பாட்டு ரெண்டு நிமிசம். கன்னிப் பேச்சை நிலைக்கண்ணாடி முன்னால ஒத்திகை பாக்குறியாமே? நல்லது. கண்ணாடி குறுக்குக் கேள்வி கேக்காது.

உனக்கு சீட்டு எந்த வழியா வந்துச்சுன்னு ஊருக்கே தெரியும். உன் மாமனாரு நல்லா இருக்கட்டும். அதுல வெக்கப்பட ஒண்ணுமில்லப்பா. உனக்கு முன்னாலயும் ஒரு மருமகப்பிள்ளை அந்தச் சபைக்குப் போயிருக்காரு, பெரோஸ் காந்தின்னு. 1952-ல ரேபரேலிப் பக்கம் நின்னு ஜெயிச்சாரு. மாமனாரு யாரு? பிரதமர் நேரு! அப்பேர்ப்பட்ட வீட்டு மாப்பிள்ளை மூணு வருசத்துக்கு மேல சபையில பெரிசா வாயே திறக்கல. நீயா இருந்தா இந்நேரம் நாலு டீவியில பேட்டி கொடுத்து முடிச்சிருப்பே.

மனுசன் தூங்குனாருன்னு நினைச்சிராதே. கம்பெனிக் கணக்கா படிச்சுக்கிட்டு இருந்திருக்காரு. 1955 டிசம்பர்ல எந்திரிச்சவரு, டால்மியாங்கிற தொழிலதிபரு இன்சூரன்ஸ் பணத்தை எப்படிப் புரட்டினாருன்னு புட்டுப் புட்டு வச்சாரு. அடுத்த மாசமே ஆயுள் இன்சூரன்ஸை அரசாங்கம் கையில எடுத்துக்கிச்சு. இவரு ஒருத்தராலதான்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா 1956 செப்டம்பர்ல எல்.ஐ.சி. பொறந்தப்ப பிள்ளைக்குப் பெரியப்பா மாதிரி நிக்க அவருக்குத் தகுதி இருந்துச்சு.

பெரியப்பா சும்மா விட்டாரா? அதே எல்.ஐ.சி., முந்த்ரான்னு ஒருத்தரு கம்பெனிகள்ல சுமார் 1.25 கோடி ரூவாயைக் கொண்டுபோய்ப் போட்டுச்சு. பாலிசிக்காரன் பணம்! 1957 டிசம்பர்ல அதைச் சபையில கிளப்பினாரு. ஆளுங்கட்சிக்காரரு, தன் கட்சி அரசாங்கத்தையே! சத்தம் போடல, தேதி வாரியாக் கேட்டாரு. நீதிபதி சாக்ளா ஊரறிய விசாரிச்சாரு. 1958 பிப்ரவரியில நிதி மந்திரி டி.டி. கிருஷ்ணமாச்சாரி, நம்ம மெட்ராஸ்காரரு, பதவியை விட்டு இறங்கினாரு. அதுக்கப்புறம் மாமனாரு வீட்டு விருந்து எப்படி இருந்திருக்கும்னு ஒளிஞ்சிருந்து பாக்க எனக்கு இன்னிக்கும் ஆசை.

அந்த அளவு உன்கிட்ட கேக்கலப்பா. 1985-ல கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்ததுலேர்ந்து கொறடா சொன்ன பக்கம் கை தூக்கலேன்னா பதவியே பறந்துரும். ஆனா கேள்வி கேக்கலாமுல்ல? பதினஞ்சு நாள் முன்னால நோட்டீஸ் கொடுக்கணும், அப்புறம் குலுக்கல்ல உன் பேரு விழணும். வாயால பதில் சொல்ற பட்டியல்ல ஒரு நாளைக்கு 20 கேள்விதான். அதுலயும் முக்கால்வாசிக்கு நேரம் எட்டாது. எழுத்துல வர்ற பதிலையாவது வாங்கிப் படி. பார்லிமெண்டுல நூலகமும் ஒண்ணு இருக்கு. வாசல்ல செல்ஃபி எடுத்துட்டு, அப்படியே உள்ளயும் போய்ட்டு வா.

வெள்ளிக்கிழமை மத்தியானம் தனிநபர் மசோதா எடுப்பாங்க. நீ அந்நேரம் சென்னை ஃப்ளைட்டுல ஜன்னல் சீட்டுல இருப்பே, எனக்குத் தெரியாதா? 1970-க்கு அப்புறம் அப்படி ஒண்ணுகூடச் சட்டமாகலங்கிறது உனக்கு வசதியான சாக்கு. பெரோஸ் ஒண்ணை நிறைவேத்திக் காட்டினாரு. சபையில நடக்குறதைப் பத்திரிகைக்காரன் வழக்குக்குப் பயப்படாம எழுதலாம்னு 1956-ல சட்டம். எமர்ஜென்சி வந்தப்ப அதை ரத்து பண்ணுனது யாரு தெரியுமா? அவரு சம்சாரத்தோட அரசாங்கம்! அப்புறம் 1977-ல ஜனதாக்காரங்க வந்துதான் திருப்பிக் கொண்டாந்தாங்க.

அதனால பேராண்டி, நீ ஏதாச்சும் மசோதா எழுதுனா, சபாநாயகருக்கு அனுப்புறதுக்கு முன்னால உன் வீட்டுக்காரிகிட்ட ஒரு கையெழுத்து வாங்கிக்கோ.