மாற்றுக்கு மாற்று

பிரிட்டிஷ் பேக்கிங் போட்டியை டி.வி.யில் பார்த்த கையோடு, ட்ரீக்கிள் டார்ட் செய்யக் கிளம்பும் அமெரிக்கர்களை மனதாரப் பாராட்ட வேண்டும். அந்த டார்ட்டில் பெரும்பாலும் ட்ரீக்கிளே இருக்காது. ஊற்றுவது கோல்டன் சிரப். அதுவும் பக்கத்துக் கடையில் இல்லை. அதனால் என்ன? கார்ன் சிரப்பில் இரண்டு கரண்டி மொலாசஸ் விட்டால் தீர்ந்தது. 1885 முதல், செத்த சிங்கத்தையும் தேனீக்களையும் டின்னில் படமாகப் போட்டு லண்டன்காரர்கள் விற்ற பாகை நம்மவர் இரண்டே கரண்டியில் முடித்துவிட்டார்!

காஸ்டர் சர்க்கரையா? சீனியை மிக்ஸியில் இரண்டு சுற்று. கை தவறி நாலு சுற்று போனால் ஐசிங் சர்க்கரை. கேக்கின் பெயரை மாற்றிக்கொள்ளலாம். செல்ஃப் ரைசிங் மாவுக்கு மைதா, பேக்கிங் பவுடர், சிட்டிகை உப்பு. சூயட் என்பது மாட்டுச் சிறுநீரகத்தைச் சுற்றியிருக்கும் கொழுப்பு என்று தெரிந்த நிமிடமே வெண்ணெய்க்குத் தாவுவது சமரசம் அல்ல, ஆன்ம முன்னேற்றம்.

இப்படிச் செய்த டார்ட்டை லண்டனிலிருந்து வந்த விருந்தாளி தட்டை வழித்துச் சாப்பிட்டார். செய்முறையையும் எழுதி வாங்கிக்கொண்டார். ஒரே ஒரு சந்தேகம்தான் அவருக்கு: "எங்கள் ஊரில் கார்ன் சிரப் லேசில் கிடைக்காது. பதிலுக்குக் கோல்டன் சிரப் ஊற்றலாமா?"

ஊற்றலாம். ருசிக்கு மட்டும் உத்தரவாதம் இல்லை.