காசுக்குக் கையுறை

"பேசாதீர்கள்" என்றார். நான் அப்போதுதான் வாயைத் திறந்திருந்தேன். "எச்சில் தெறிக்கும். ஒரு துளி பட்டால் போதும், சில வருஷம் கழித்துக் கறுப்புப் புள்ளியாக எழும்பி நிற்கும்."

வாயை மூடிக்கொண்டேன். ஒஹையோவில் மகள் வீட்டில் ஆறு மாதம் தங்கியிருந்தபோது, பக்கத்து வீட்டுக்காரர் தம்முடைய நாணயச் சேகரிப்பைக் காட்டக் கூப்பிட்டிருந்தார். வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர். தங்கமான மனுஷர், பனி கொட்டிய காலைகளில் எங்கள் வாசலையும் சேர்த்தே வாரித் தள்ளுகிறவர். மேஜைமேல் மெத்தென்ற துணியை விரித்து, வெள்ளைப் பருத்திக் கையுறை மாட்டிக்கொண்டு, ஒரு வெள்ளி டாலரை விளிம்பில் மட்டும் விரல் படும்படி எடுத்தார். 1889இல் கார்சன் சிட்டி நாணயச்சாலையில் அடித்தது. மொத்தமே மூன்றரை லட்சம்தான் அடித்தார்களாம். நன்றாகத் தேய்ந்த காசு, ஆனாலும் விலை உண்டு. எங்கள் ஊரில் தலை நிற்காத பச்சைப்பிள்ளையைக்கூட யாரும் அவ்வளவு பதனமாகத் தூக்கி நான் பார்த்ததில்லை.

மற்ற நல்ல காசுகள் சீல் வைத்த பிளாஸ்டிக் கூண்டுக்குள் இருந்தன. ஒவ்வொன்றின் நெற்றியிலும் ஒரு மதிப்பெண்: 63, 64, 65. எழுபதுக்கு. இந்த அளவுகோலை 1949இல் வகுத்துத் தந்தவர் வில்லியம் ஷெல்டன் என்கிற உளவியல்காரர். அமெரிக்க நாணயவியல் சங்கத்தின் சேகரிப்பிலிருந்து உயர்ந்த செப்புக் காசுகளை எடுத்துக்கொண்டு, அந்த இடத்தில் மட்டமானதை வைத்துவிட்டு வந்தவர் அவர் என்பது செத்த பிறகுதான் வெளியே வந்தது. திருடனுக்குப் பயந்து ஆயிரம் பூட்டுப் போடும் உலகம், திருடன் வகுத்த அளவுகோலில்தான் இன்றும் விலை பேசிக்கொண்டிருக்கிறது. அது கிடக்கட்டும்.

மூலையில் ஐந்தடி உயரத்துக்கு ஒரு இரும்புப் பெட்டி, கதவில் கப்பல் சுக்கான் மாதிரிக் கைப்பிடி. உள்ளே நீளத் துப்பாக்கிகள் வரிசையாக நின்றன. முன்பு காசுகளும் இங்கேதான் குடியிருந்தனவாம். இப்போது தனிக்குடித்தனம், வேறு பெட்டி. ஏன் என்று கேட்டது என் தப்பு. அரை மணி நேரப் பாடம் நடந்தது.

நெருப்புத் தாங்குவதற்காக இந்தப் பெட்டிகளின் உட்சுவரில் ஜிப்சம் பலகை பதித்திருப்பார்கள். ஜிப்சத்துக்குள் நீர் உண்டு; தீ வந்தால் அது ஆவியாகிச் சூட்டைத் தணிக்கும். தீ வராத நாளிலும் மூடிய பெட்டிக்குள் ஈரம் தேங்கும். அதற்காக உள்ளே ஒரு சூடேற்றும் கம்பி, கூடவே சிலிக்கா ஜெல் டப்பா. துப்பாக்கி சாய்ந்து நிற்கும் ரப்பரிலும் நுரையிலும் கந்தகம் இருந்தால் வெள்ளி கறுக்கும். குழல் துடைக்கிற சில திரவங்களில் அம்மோனியா இருக்கிறது, அது செம்பைத் தின்னும். பழைய பி.வி.சி. உறையில் போட்டு வைத்தால் காசின்மேல் பச்சைப் பிசின் படரும். ஆகவே, துப்பாக்கி பக்கத்தில் இருப்பது காசுக்கு ஆபத்து.

காசுக்கு மட்டுமா என்று கேட்க நாக்கு துடித்தது. எச்சில் தெறிக்குமே என்று விட்டுவிட்டேன்.

காப்பீட்டையும் விளக்கினார். அங்கே வழக்கமான வீட்டுக் காப்பீட்டில் காசுகளுக்கு 200 டாலருக்கு மேல் கிடைக்காது. துப்பாக்கி திருடுபோனால் 2,500 டாலர் வரை உண்டு. எனவே காசுகளுக்குத் தனிப் பாலிசி, ஒவ்வொன்றுக்கும் படம், பட்டியல், நகல் வங்கி லாக்கரில்.

"கைத்துப்பாக்கி ஒன்றும் இல்லையா?" என்று கேட்டேன், பேச்சுக்கு.

கையுறையைக் கழற்றி வைத்துவிட்டுப் படுக்கையறைக்குக் கூட்டிப்போனார். கட்டிலோரச் சின்ன மேஜையின் இழுப்பறையை இழுத்தார். மூக்குக் கண்ணாடி, இருமல் மிட்டாய், பேரன் கிறுக்கித் தந்த பிறந்தநாள் வாழ்த்து அட்டை, அதன்மேல் பிஸ்டல். ஜிப்சம் இல்லை, சிலிக்கா ஜெல் இல்லை, பூட்டும் இல்லை. வெறுங்கையால் எடுத்துக் காட்டினார்.

"தோட்டா இருக்கிறதா?"

"இல்லாமல்? திருடன் வந்தால் இதை வைத்து அவன் தலையில் குட்டவா?"

இவரை மட்டும் குற்றம் சொல்லி என்ன ஆகப்போகிறது? நாட்டின் உச்ச நீதிமன்றமே இந்த இழுப்பறைக்குக் காவல் நிற்கிறது. வீட்டுத் துப்பாக்கியைத் தோட்டா எடுத்துக் கழற்றி வை, இல்லையேல் விசையில் பூட்டுப் போடு என்று வாஷிங்டன் நகரம் ஒரு சட்டம் வைத்திருந்தது. 2008இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அது செல்லாது என்று நீதிமன்றம் தள்ளிவிட்டது. தற்காப்புக்கு உடனே கைக்கு வர வேண்டுமாம். குழந்தைக்கு எட்டாமல் வை என்று பல மாநிலங்கள் தனியே சட்டம் போட்டிருக்கின்றன. மிச்ச மாநிலங்களுக்கு அதற்கும் மனசில்லை.

அதைவிடக் கூத்து ஒன்று. பொம்மையின் கண் கழன்று குழந்தை விழுங்கிவிடக் கூடாது, தொட்டில் கம்பிக்குள் தலை சிக்கக் கூடாது என்று பார்ப்பதற்கு அங்கே ஒரு நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் இருக்கிறது. கறாரான ஆணையம். ஆனால் துப்பாக்கியையும் தோட்டாவையும் தொடக் கூடாது என்று 1976இல் நாடாளுமன்றமே அதன் கையைக் கட்டிப்போட்டது. விளையாட்டுத் துப்பாக்கியின் நுனியில் ஆரஞ்சு நிறம் இருக்கிறதா என்று பார்க்கச் சட்டம் உண்டு. நிஜத் துப்பாக்கி என்றால் கும்பிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும்.

2023 அக்டோபரில் ஒரு நிறுவனத்தின் கைரேகைத் துப்பாக்கிப் பெட்டிகள் சுமார் 61,000 திரும்பப் பெறப்பட்டன. பதிவு செய்யாத எந்த விரலை வைத்தாலும் திறந்துகொண்டனவாம். பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் செத்திருந்தான். பெட்டி நுகர்பொருள், அதனால் ஆணையம் அதைப் பிடித்தது. பெட்டிக்குள் இருந்தது? அது வேறு சாதி. பாம்பு கடித்துப் பிள்ளை செத்தால் கூடையை மட்டும் பிடித்துக்கொண்டு போகிற பஞ்சாயத்து இது.

2021இல் எடுத்த ஒரு கணக்கெடுப்பின்படி, தோட்டா நிரப்பிய, பூட்டாத துப்பாக்கி இருக்கும் வீடுகளில் மட்டும் சுமார் 46 லட்சம் பிள்ளைகள் வளர்கிறார்கள். 2020இலேயே ஒன்று முதல் பத்தொன்பது வயதுக்காரர்களைக் கொல்வதில் கார் விபத்தை முந்திக்கொண்டு முதலிடத்துக்கு வந்துவிட்டது துப்பாக்கி. எல்லாரும் காத்திருக்கும் அந்தத் திருடன் எங்கே? துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கும் மேல் தன்னைத்தானே சுட்டுக்கொண்டவர்கள். திருடன் வருவதும் உண்டு, ஆள் இல்லாத நேரத்தில். வந்து துப்பாக்கியையே எடுத்துக்கொண்டு போகிறான். 2017 முதல் 2021 வரை தனியாரிடமிருந்து திருடுபோனதாகப் பதிவான துப்பாக்கிகள் பத்து லட்சத்துக்கு மேல்.

மிச்சிகனில் ஆக்ஸ்ஃபோர்ட் உயர்நிலைப் பள்ளியில் 2021 நவம்பர் 30 அன்று பதினைந்து வயதுப் பையன் ஒருவன் நான்கு மாணவர்களைச் சுட்டுக் கொன்றான். நான்கு நாள் முன்னால் அப்பா வாங்கி வந்த பிஸ்டல். வழக்கு விசாரணையில் வெளிவந்தது இது: துப்பாக்கியைப் பூட்டும் கம்பிப் பூட்டு கடையில் கொடுத்த உறை பிரிக்காமல் அப்படியே கிடந்தது. வீட்டில் ஒரு பெட்டியும் இருந்தது, அதற்குள் வேறு இரண்டு துப்பாக்கிகள். அதன் ரகசிய எண் 000. பெற்றோர் இருவருக்கும் குறைந்தது பத்து வருஷம் சிறை என்று 2024இல் தீர்ப்பானது. பூட்டி வை என்று மிச்சிகனில் சட்டம் அமலுக்கு வந்ததும் அதே 2024இல்தான். நான்கு பிள்ளைகளைப் புதைத்த மாநிலம் இரண்டு வருஷம் யோசித்திருக்கிறது!

வரவேற்பறைக்குத் திரும்பியதும் கேட்டேன்: அத்தனை நீளத் துப்பாக்கி எதற்கு? திருடனுக்கு ஒன்று போதாதா?

குரலைத் தாழ்த்தினார். "அரசாங்கம். ஒருநாள் எல்லாவற்றையும் பிடுங்க வருவார்கள்."

வந்தார்கள். அதுவும் காசைத் தேடித்தான் வந்தார்கள். 1933 ஏப்ரல் 5 அன்று அதிபர் ரூஸ்வெல்ட் ஒரு ஆணை போட்டார். தங்க நாணயம், தங்கக் கட்டி எதுவானாலும் மே ஒன்றாம் தேதிக்குள் வங்கியில் ஒப்படைக்க வேண்டும். தவறினால் பத்தாயிரம் டாலர் அபராதம் அல்லது பத்து வருஷம் சிறை. ஆளுக்கு நூறு டாலர் தங்கமும், சேகரிப்பாளர்களின் அரிய நாணயமும் மட்டும் விலக்கு. அவுன்ஸுக்கு 20.67 டாலர் என்று வாங்கிக்கொண்டு, அடுத்த ஜனவரியிலேயே விலையை 35 ஆக்கியது அரசு. சர்க்கார் நடத்திய பட்டப்பகல் வழிப்பறி. அப்போதும் வீட்டுக்கு வீடு துப்பாக்கி இருந்தது. துப்பாக்கி வைத்துக்கொள்ள உரிமை தரும் இதே அரசியல் சட்டத் திருத்தமும் இருந்தது. தங்கத்தைக் காக்க நாடு துப்பாக்கி தூக்கியதா? வங்கி வாசலில் வரிசையில் நின்றது, கையில் பையோடு. மறுபடி தங்கம் வைத்துக்கொள்ள உரிமை வந்தது 1974 டிசம்பர் 31இல். நாற்பத்தோரு வருஷம் அலமாரியில் சும்மா நின்றன அந்த வீரத் துப்பாக்கிகள்.

இதைச் சொன்னேன். சிரித்தார். "அது வேறு காலம்" என்றார்.

அதற்குள் வாசலில் கார் வந்து நின்றது. அவருடைய மகள் பேரனைக் கொண்டுவந்து விட்டுப் போனாள், ஐந்து வயதிருக்கும். இரண்டு கையிலும் சாக்லேட் அப்பியிருந்தது. "தாத்தா!" என்று கத்திக்கொண்டே மேஜையை நோக்கி ஓடி வந்தான். அவர் பதறிப்போனார். வயதுக்கு மீறிய வேகத்தில் எழுந்து, காசுகளைத் துணியோடு வாரிப் பெட்டிக்குள் வைத்து, மூடி, இரண்டு முறை சாவியைத் திருப்பி, இழுத்தும் பார்த்துக்கொண்டார்.

"கை கழுவிவிட்டு வா" என்றார் பேரனிடம். "குளியலறை தெரியுமில்லையா, தாத்தா படுக்கிற அறைக்குள்ளே?"

தெரியும் என்று தலையாட்டிவிட்டு ஓடினான்.