பிள்ளையைத் தொடைநடுங்கியாக வளர்க்கச் சில எளிய வழிகள்

உத்திரமேரூர் பக்கத்துக் கிராமங்களில் பிள்ளை பெற்றவர்களுக்கு ஒரு தொல்லை உண்டு. பிள்ளையைப் பயந்த சுபாவத்தோடு வளர்க்க ஊர் ஒத்துழைப்பதில்லை. வாசலைத் தாண்டினால் கழனி. கழனிக்குக் கழனி வரப்பு. கொஞ்சம் நடந்தால் பல்லவர் காலத்து வைரமேகத் தடாகத்தின் கரை. தெருவில் நொண்டி ஆடக் கட்டம் கீறியிருப்பார்கள், போதாக்குறைக்குப் புளியமரத்தில் ஊஞ்சல். இத்தனையும் தாண்டித்தான் காரியத்தைச் சாதிக்க வேண்டும். மனம் தளராதீர்கள், முடியும்.

நடைவண்டியிலிருந்து தொடங்குங்கள். தாத்தா காலத்து மரவண்டியில் பிள்ளை தானே எழுந்து நின்று, கட்டையைப் பிடித்து, தள்ளினால்தான் நகரும். அவசரப்பட்டால் குப்புற விழும், மறுநாள் விழாது. இது நமக்கு ஆகாது, பரணில் போடுங்கள். காஞ்சிபுரம் கடைத்தெருவில் பொம்மை ஒட்டிய பிளாஸ்டிக் வாக்கர் கிடைக்கும். அதில் உட்கார்த்திவிட்டால் உடம்பைத் துணி தாங்கிக்கொள்ளும், கால்விரல் நுனி தரையை உந்தினால் போதும். விபத்துகளுக்கு அஞ்சி 2004-லேயே கனடா இதன் விற்பனையைத் தடைசெய்துவிட்டது. அவர்கள் ஊரில் சீராட்ட ஆயா இல்லை போலும்.

அடுத்தது வரப்பு. மழை விட்ட மறுநாள் ஐந்து வயதுப் பிள்ளை அதில் நடப்பதைக் கவனியுங்கள். கட்டைவிரல் சேற்றைக் கவ்வும், கைகள் தாமாக விரியும், நாக்கு உதட்டோரம் வெளியே வரும். தண்ணீர் பாயச் சின்னதாக மடை வெட்டிவிட்ட இடத்தில் நின்று, முழங்காலை மடக்கி, தாண்டுவதற்கு ஒரு நொடி யோசிக்கும். அந்த நொடிதான் உங்களுக்கு முகூர்த்தம். “டேய், பாத்துடா, விழுந்துடுவே!” என்று அடிவயிற்றிலிருந்து கத்துங்கள். கட்டாயம் விழும். “சொன்னேனா இல்லையா” என்று முடித்துவிடலாம். (ஏரி நிறைந்திருக்கும்போது கரைப்பக்கம் தனியாக விடாமல் இருப்பது வேறு விஷயம், அது புத்தி. கோடையில் வெடித்துக் கிடக்கும் ஏரிக்கும் அதே கத்தலைக் கத்தினால்தான் நம் கட்சி.)

தட்டாமாலை சுற்றுவதையும் ஊஞ்சலையும் தடுப்பது மிக முக்கியம். காரணம் உள்காதில் இருக்கிறது. அங்கே மூன்று அரைவட்டக் குழாய்களில் திரவம் இருக்கிறது; தலை திரும்பும் திசையை மூளைக்குச் சொல்வது அதுதான். இதை ஆராய்ந்த ராபர்ட் பாரனிக்கு 1914-க்கான நோபல் பரிசே கிடைத்தது. சுற்றிவிட்டுச் சட்டென்று நின்றால் திரவம் உடனே நிற்பதில்லை, அதனால்தான் ஊரே சுழல்கிறது. கீழே உட்கார்ந்து சிரித்து எழுந்து மறுபடி சுற்றுகிற பிள்ளைக்கு, தலை சுற்றுவது ஆபத்தல்ல என்பது உடம்பிலேயே பதிந்துவிடும். நமக்கு அது நஷ்டம்.

எவ்வளவு நஷ்டம் என்பதை ஆய்வாளர்கள் கேரி பலபானும் ஜூலியன் தேயரும் 2001-இல் எழுதிய கட்டுரையிலிருந்து தெரிந்துகொள்ளலாம். நிலை தடுமாறும் சேதி வந்து சேரும் மூளைத்தண்டுப் பகுதிக்கும், அச்சத்தைக் கிளப்பும் அமிக்டலாவுக்கும் இடையே நரம்புப் பாதை இருக்கிறது என்றார்கள் இவர்கள். டெல் அவிவ் பல்கலைக்கழகத்து ஓரித் பார்ட்டும் மட்டி மின்ட்ஸும் மற்றவர்களும் இன்னும் விபரீதமானவர்கள். பதற்றமும் தடுமாற்றமும் சேர்ந்தே இருந்த சின்னப் பிள்ளைகளுக்கு 12 வாரம் உடற்சமநிலைப் பயிற்சி கொடுத்தார்கள். பதற்றம் குறைந்தது, தன்மதிப்பு கூடியது. 2009-இல் அதை வெளியிட்டும் விட்டார்கள். ஆய்வில் இருந்த பிள்ளைகள் கொஞ்சம்தான். எல்லாப் பயமும் காதிலிருந்து வருவதுமில்லை. அந்த ஒரு சமாதானத்தைப் பிடித்துக்கொண்டு நாம் மேலே போகலாம்.

காதில் சீழ் வடிந்தால் நல்லெண்ணெயைக் காய்ச்சி ஊற்றிப் பஞ்சை அடைத்துவிடுங்கள். நடுக்காதில் நீர் கோத்த பிள்ளைக்கு நிலை தடுமாறும். நீங்கள் அதை ‘மந்தம்’ என்று சொல்லிக்கொள்ளலாம். அந்தப் பிள்ளை பகலில் எப்படியோ சமாளிக்கும், கண் கைகொடுக்கும். இரவில் தோட்டத்துப் பக்கம் போகச் சொன்னால் சுவரைப் பிடித்துக்கொண்டு அழும். இருட்டில் கண்ணின் துணை போய்விடுகிறது, காலும் காதும் மட்டும் தாங்க வேண்டியிருக்கிறது என்றெல்லாம் யோசிக்காதீர்கள். பேய் என்று முடிவுகட்டி, மந்திரித்துத் தாயத்துக் கட்டுங்கள். பள்ளிக்கூடம் போகும் நேரத்தில் வயிற்றுவலி வந்தால் இன்னொரு தாயத்து. விளையாட்டு பீரியடைக் கணக்கு வாத்தியார் கேட்டால் தாராளமாக விட்டுக்கொடுக்கச் சொல்லுங்கள்.

உத்திரமேரூர் வைகுண்டப்பெருமாள் கோயில் பக்கம் மட்டும் பிள்ளையைக் கூட்டிப்போகாதீர்கள். சுவரில் பராந்தகச் சோழனின் 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் இருக்கின்றன. ஊர்க் காரியங்களைப் பார்க்கும் வாரியப் பெருமக்களுக்கு வயது 35-க்கு மேல், 70-க்குள் இருக்க வேண்டுமாம். ஆனால் அவர்களைத் தேர்ந்தெடுக்கும்போது, ஊர்ச் சபை முழுக்கப் பார்த்திருக்க, பெயர் எழுதிய ஓலையைக் குடத்திலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டியவன் உள்ளே இருப்பது தெரியாத ஒரு சிறுவன். அத்தனை பெரியவர்கள் நடுவே நடுங்காமல் நிற்க அவனால் முடியும் என்று சபை நம்பியிருக்கிறது. நம் வீட்டுப் பிள்ளைக்கு இது தெரிந்தால் வீண் கேள்வி கேட்கும்.

இவ்வளவும் செய்ய மனம் வராதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஐந்து வயதில் பெரும்பாலான பிள்ளைகள் ஒற்றைக் காலில் 10 விநாடி அளவுக்கு நிற்கும். உங்கள் பிள்ளைக்கு அது முடியவில்லை, அடிக்கடி தடுக்கி விழுகிறது, படியிறங்கப் பயப்படுகிறது, காதில் சீழும் வந்து போகிறது என்றால், திட்டாமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். காது கேட்கிறதா என்பதோடு நிறுத்தாமல், நிலை தடுமாறுகிறதா என்றும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.