தரகனுக்குத் தெரிஞ்ச ரகசியம்

வாடா அப்புனு, உக்காரு. மாடு வாங்கப் போன இடத்துல புருசனும் பொண்டாட்டியும் சண்டை கட்டிக்கிட்டு வெறுங்கையோட திரும்பினீங்களாமே? ஊரே சிரிக்குது. நான் சிரிக்கலை. பொக்கை வாயி, சிரிச்சாலும் வெளிய தெரியாது, அது வேற சங்கதி.

நடந்தது இதுதானே? அம்மிணி சந்தைக்குள்ள கால் வெச்சதும் ஒரு மயிலைப் பசுவைக் காட்டி, 'இதுதானுங்க நம்ம மாடு'ன்னுச்சு. நீ செல்போன்ல பட்டியலைத் தொறந்து, 'மொதல்ல எல்லா மாட்டையும் பாக்கோணும், அப்புறந்தான் முடிவு'ன்னே. நீ கடைசி வரிசைக்குப் போயித் திரும்பறதுக்குள்ள அந்தப் பசு வேற ஒருத்தன் வண்டியில ஏறியாச்சு. இப்ப நீ அவளை அவசரக்குடுக்கைங்கறே, அவ உன்னை இழுவைங்கறா. ரெண்டு பேரு சொல்றதும் சரிதான். அதுக்கெதுக்குச் சண்டை?

கண்ணபுரம் சித்திரைத் தேர் சந்தை, அந்தியூர் ஆடித் தேர் சந்தை ரெண்டுலயும் நான் மாட்டைப் பாத்ததைவிட மாடு வாங்க வந்த ஆளுகளைப் பாத்ததுதான் அதிகம். சுழி பாக்கறவன் ஒருத்தன் வருவான். மாடு எலும்பும் தோலுமா நின்னாலும் கவலைப்பட மாட்டான், மேல மயிர் எப்படிச் சுத்தியிருக்குதுன்னுதான் விரலை வெச்சுத் தடவுவான். ஏறுபூரான் சுழின்னா யோகம், அதே பூரான் எறங்குனாப்பல இருந்தா ஓட்டம் பிடிப்பான். பெண்டிழந்தான் சுழின்னு ஒண்ணு இருக்குது. அந்த மாட்டை வாங்குனா பொண்டாட்டி தங்கமாட்டான்னு சாஸ்திரம். ஒரு புண்ணியவான் அந்தச் சுழி எங்கிருக்குதுன்னு ஒவ்வொரு மாடாத் தேடிட்டுத் திரிஞ்சான். வேண்டாம்னு ஒதுக்கறதுக்கா, வேணும்னு வாங்கறதுக்கான்னு நான் கேக்கலை.

பல்லுப் பாக்கறவன் வேற சாதி. அவனுக்கு எல்லாமே கணக்கு. ரெண்டு பல்லுன்னா ரெண்டு வருசம் தாண்டுச்சு, நாலு, ஆறு, அப்புறம் கடை சேந்துச்சுன்னா முழு வயசு. இதெல்லாம் நல்ல விசயம்தான். ஆனா நீ அன்னிக்கு என்ன பண்ணுனியாம்? வாயைத் தொறந்து பாத்துட்டு, 'மேல்வரிசைப் பல்லெல்லாம் கொட்டிருச்சு, கிழட்டு மாடு'ன்னியாம். மாட்டுக்கு மேல்தாடை முன்னாடி பல்லே கிடையாதுடா. எட்டும் கீழதான். பட்டியல்ல 'பல்'லுன்னு எழுதி வெச்சிருக்கியே, எந்தத் தாடைன்னு எழுத மறந்துட்டியா?

இன்னொருத்தன் மாட்டையே பாக்கமாட்டான். அங்க ஆரு வாங்கறாங்க, எவ்வளவுக்கு வாங்கறாங்கன்னு பாத்துட்டு, அதையே நமக்கும் குடுங்கம்பான். பின்ன, உங்கப்பத்தா இருந்தாளே, அவ கோயிலுக்குப் போயி வெள்ளப் பூவும் செவப்புப் பூவும் பொட்டலம் கட்டிப் போட்டு, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்லுவா. நெனச்ச பூ வரலைன்னா, 'குழந்தை கை அழுக்கு, இன்னொருக்கா போடுங்க'ம்பா. சாமியைக் கேட்டு முடிவு பண்ணுறேன்னு அவ சொன்னா, முடிவு ஏற்கெனவே ஆயிருச்சுன்னு நான் புரிஞ்சுக்குவேன். குடித்தனம் நடத்த அந்தப் புரிதல் போதுமாயிருந்துச்சு.

உன்னாட்டமே பட்டியல் போட்ட ஒருத்தன் கதையை, காலேஜுல படிச்சதா உன் தங்கச்சி சொன்னா. டார்வின்னு ஒரு வெள்ளைக்காரன், குரங்கு சமாச்சாரம் எழுதுனவன். அவன் 1838ல கல்யாணம் கட்டலாமா வேண்டாமான்னு ஒரு தாளை ரெண்டாப் பிரிச்சுக் கணக்குப் போட்டானாம். வேண்டாம்ங்கற பக்கத்துல, ஒறம்பரை வீடுகளுக்குப் போகவேண்டிய கட்டாயம் இல்லை, சண்டை இல்லை, புத்தகம் வாங்கக் காசு மிஞ்சும்னு எழுதியிருக்கான். வேணும்ங்கற பக்கத்துல, குழந்தை குட்டி, கடைசி காலத்துக்கு ஒரு துணை, எப்படியும் நாயைவிட மேலுன்னு எழுதியிருக்கான். நாயைவிட மேலு! நீ இதைப் படிச்சுக்கிட்டு வீட்ல சொல்லி வெக்காதே. அவன் தாள்ல எழுதுனதோட தப்பிச்சுக்கிட்டான். உனக்கு ராத்திரிச் சோறு முக்கியம்.

இத்தனை கணக்கும் போட்டுட்டு அடுத்த வருசம் சனவரியில கட்டுனது ஆரைங்கறே? எம்மாங்கற பொண்ணை. சொந்தத் தாய்மாமன் மகள்! அட மடையா, மொறைப்பொண்ணைக் கட்டறதுக்கு எதுக்கய்யா ரெண்டு பத்தித் தாளு? நம்மூர்ல உங்கய்யனுக்கு ஒரு வெத்தலைப் பாக்கோட முடிஞ்ச காரியம்.

ஆனா கதை அதோட முடியலை. கல்யாணத்தைச் சில மாசத்துல முடிவு பண்ணுன அதே ஆளு, உசுருக உருமாறி வந்த கணக்கையும் அதே 1838லதான் மனசுல பிடிச்சிருக்கான். புத்தகமா அச்சானது எப்ப? 1859ல! நடுவுல பாறையிலயும் கப்பலடியிலயும் ஒட்டிக்கிடக்கிற பொடிப் பிராணியை 8 வருசம் அறுத்துப் பாத்துக்கிட்டிருந்தானாம். மலாய்த் தீவுப் பக்கமிருந்து வாலஸ்னு ஒருத்தன், அதே ரோசனையை எழுதி 1858ல தபால் அனுப்புன பொறவுதான் இவனுக்கு வேர்த்துது. ஒரே ஆளு, கல்யாணத்துல வெடுக்குன்னு, எழுத்துல மெதுவா. இப்ப உன்னைப் பாரு. சட்டை எடுக்கப் போனா கடைக்காரன் ஷட்டரை எறக்கற வரைக்கும் பொரட்டுவே. காருக்குக் கடன் வாங்குனப்ப? அந்தக் கடைப் பையன் ஒரு குளிர்பானத்தைக் குடுத்தான், அவன் நீட்டுன எடத்துலெல்லாம் நீ கையெழுத்துப் போட்டே. நெதானமான ஆளுன்னு உனக்குப் பேரு. எதுல நெதானம்னு ஆரும் கேக்கலை.

உன் தங்கச்சி இன்னொண்ணும் சொன்னா. அமெரிக்காவுல காலேஜ் முடிச்ச பசங்களைப் பிடிச்சு ஆராய்ச்சி பண்ணியிருக்காங்களாம். இருக்கறதுலயே மேலான வேலைதான் வேணும்னு அலைஞ்சவனுக்குச் சம்பளம் நூத்துக்கு இருபது கூடவாம். போதும்னு ஒண்ணைப் பிடிச்சவனுக்குச் சம்பளம் கம்மி, மனத்திருப்தி அதிகமாம். அப்ப நீ நல்ல மாடாத்தான் வாங்குவே. வாங்கிட்டு, 'அந்த மயிலை இருந்திருந்தா'ன்னு அதுக்குத் தீனி வெக்கறப்பெல்லாம் சொல்லுவே. மாடும் கேட்டுக்கிட்டுத்தான் நிக்கும். வள்ளுவர்கூட தெரிந்துசெயல்வகையை 47வது அதிகாரமா வெச்சவரு, அங்கயே பாயை விரிச்சுப் படுக்கலை. 49ல காலமறிதலுக்கு வந்துட்டாரு. நீ இன்னும் 47லதான் கிடக்கறே. அம்மிணி நேரா 49லதான் இறங்குச்சு.

இதையெல்லாம் காலேஜ் போகாமத் தெரிஞ்சு வெச்சிருக்கறவன் தரகன் ஒருத்தன்தான். துண்டுக்குள்ள கையை விட்டு விரல்ல வெலை பேசறானே, அதுக்கு முந்தியே உன்னை எடை போட்டுருவான். வெடுக்குன்னு முடிவு பண்ணுற ஆளா? 'இப்பத்தான் ஒருத்தரு முன்பணத்தோட வாரேன்னு போயிருக்காரு'ம்பான். இழுவையா? மொதல்ல ரெண்டு நோஞ்சானை ஓட்டிக் காட்டுவான், மூணாவது மாடு உன் கண்ணுக்குக் காமதேனுவாத் தெரியும். சுழிக்காரன்கிட்ட ராசியைப் பேசுவான், ஊரோட போறவன்கிட்ட பக்கத்து ஊர்ப் பெரியவர் பேரைச் சொல்லுவான். உன் ரோசனை எந்த ரகம்னு உனக்கே தெரியாது. அவனுக்குத் தெரியும். அன்னிக்கு நீங்க ரெண்டு பேரும் அவன் முன்னாடியே சண்டை போட்டு உங்க ரகத்தை ஏலம் விட்டுட்டு வந்திருக்கீங்க.

அதனால இப்படிச் செய்யி. எவ்வளவு வரைக்கும் போகலாம்னு வீட்லயே பேசி முடிச்சுக்குங்க. சந்தையில மாட்டைக் காட்டறது அம்மிணி. அதுக்கு நல்ல கண்ணு, நான் பாத்திருக்கேன். அவ காட்டுன மூணு மாட்டுக்கு மேல உனக்கு உத்தரவு கிடையாது. அந்த மூணையும் நீ குடைஞ்சுக்கோ. பல்லைப் பாரு, கீழ்த்தாடையில. ராத்திரி கறக்காம ஓட்டிட்டு வந்து மடியைப் பொடைக்க வெச்சிருப்பாங்க, அதனால ஒரு வேளைக் கறவையை நம்பாதே. மாட்டுக்காரன் கட்டுத்தறிக்கே போயிக் காலையும் சாயங்காலமும் நின்னு பாரு. வெலையை நான் பேசறேன். துண்டு என்னுது.

வார சந்தைக்கு விடியறதுக்கு முந்தி வண்டி கிளம்புது. வாரியா இல்லையான்னு இப்பவே சொல்லு. 'ரோசிச்சுச் சொல்றேன்'னு மட்டும் வாயைத் தொறந்தே, அம்மிணியை மட்டும் கூட்டிக்கிட்டுப் போயி மாட்டோட வந்துருவேன்.